ஒன்றரைக் கன மீற்றர் வீரம்

எங்கள் வீட்டுக் கேற்றைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது அப்பா போட்ட கேற். 1978 நவம்பரில் சூறாவளி அடித்தபோது வீட்டுக் கூரை பறந்து எங்கேயோ போனது, கேற் நின்றது. 2004 டிசம்பரில் கடல் எழும்பி வந்தபோது மதில் போனது; கேற்றை மூன்று வளவு தாண்டி ஒரு பனையடியில் கண்டெடுத்து, கழுவித் திரும்ப மாட்டினோம். இடையில் யுத்தம் வந்து போனது. பாசிக்குடாவின் உப்புக் காற்று அந்த இரும்பை இத்தனை வருடமாக நக்கி நக்கித் தின்றும் மிச்சம் இருந்தது. கடைசியில் அது என் கைக்கு வந்தது.

மேல் பிணைச்சல் கறள் பிடித்து அறுந்துவிட்டது, அவ்வளவுதான் வருத்தம். திறக்கிறவர் தோளில் கேற் ஒருதரம் சாயும், செத்த வீட்டில் கட்டிப்பிடித்து அழுகிற பெரியம்மா மாதிரி. பிறகு அவரே அதைத் தூக்கி நிமிர்த்திவிட்டு உள்ளே வரவேண்டும். தபால்காரர் கடிதங்களை வேலிக்கு மேலால் எறியத் தொடங்கியபோது மனுசி சொன்னாள்: "அந்த வெல்டிங்கார தம்பியக் கூப்பிடுங்க." கூப்பிட்டேன். "ரெண்டு நாளில வாறன் சேர்" என்றான். பதினாறாம் நாள் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன், ஒரு பிணைச்சலை ஒட்டமாட்டேனா?

இதற்கு மூலகாரணம் என் அக்காவின் மகன். கட்டாரில் வெல்டிங் வேலை செய்கிறவன், போன லீவில் வந்தபோது ஒரு பெட்டியை எங்கள் பின்வளவுக் கொட்டிலில் வைத்துவிட்டுப் போயிருந்தான். உள்ளே ஒரு டோர்ச், சிவப்பும் நீலமுமாக இரண்டு குழாய், மணிக்கூடு மாதிரி முகமுள்ள இரண்டு றெகுலேட்டர். போனில் கேட்டேன். "எல்லாம் கிடக்கு மாமா, சிலிண்டர் மட்டும் எடுத்தாச் சரி" என்றான். குடும்பஸ்தன் ஒருவன் பயப்படவேண்டிய சொல் 'கடன்' அல்ல, 'மட்டும்'.

ஓட்டமாவடியில் ஒரு காஸ் கடைக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த நானா, "என்ன சைஸ் சேர்?" என்றார்.

சைஸா? எனக்குத் தெரிந்தது குசினிச் சிலிண்டர். அதில் பன்னிரண்டரை கிலோ, ஐந்து கிலோ, அதற்குக் கீழே சுற்றுலாப் போகிறவர்கள் தூக்கித் திரிகிற ரெண்டு சொச்சம். பெரிய மனிதன் சின்னதாகக் கேட்கக்கூடாது என்று, "பன்னிரண்டரை" என்றேன்.

கடை ஒருகணம் அமைதியானது. நானா மரியாதைக்காரர், கீழே குனிந்து பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் எதையோ தேடினார். ஆனால் மூலையில் சிலிண்டர் உருட்டிக்கொண்டிருந்த பொடியன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பு, கடைசி வாங்கு, ஜன்னல் பக்கம்.

"சேர், அது சோறாக்குற காஸ். அது உள்ளுக்க திரவமாக் கிடக்கும், அதால கிலோவில சொல்லுவம். ஒட்சிசன் அப்படியில்ல, அமுக்கி அடைச்ச வாயு. கன மீற்றர்லதான் கணக்கு. சின்னது ஒன்றரை, பெரிசு ஏழு." கொஞ்சம் நிறுத்தி, "போயிலின் விதி சேர். நீங்கதானே படிப்பிச்சீங்க" என்றான்.

அந்தப் பாடத்துக்குத்தான் அவனை வாங்கின் மேல் ஏற்றி நிறுத்தியிருந்தேன். இப்போது நான் நின்றேன், அவன் சிலிண்டர் மேல் கை வைத்துப் பாடம் நடத்தினான். பிழை சொல்லக்கூடாது, நன்றாகவே நடத்தினான். பத்து லீற்றர் கொள்ளும் உருக்குச் சிலிண்டரில் 150 பார் அமுக்கத்தில் அடைத்தால் ஆயிரத்து ஐந்நூறு லீற்றர், அதாவது ஒன்றரைக் கன மீற்றர். ஆள் உயரத்துக்குக் கிட்ட வருகிற நாற்பத்தாறு, நாற்பத்தேழு லீற்றர்ச் சிலிண்டர் என்றால் ஏழு கன மீற்றர். அந்தப் பெரிய சிலிண்டரின் வெறும் இரும்பு ஐம்பது கிலோவுக்கு மேல். அதற்குள் இருக்கும் ஒட்சிசன் பத்துக் கிலோகூட இல்லை. உள்ளே பத்துப்பேர் வேலை செய்ய வெளியே ஐம்பதுபேர் சும்மா நிற்கிற சில கந்தோர்கள் ஞாபகம் வந்தன.

அசற்றிலீன் வேறு ஜாதி. அதைத் தனியே அமுக்கினால் கோபம் வரும். ஒரு பாருக்கு மேல் போனால் தானாகவே வெடிக்கப் பார்க்கும். அதனால் சிலிண்டருக்குள் துளைத்துளையான ஒரு பொருளை அடைத்து, அதில் அசற்றோனை ஊறவிட்டு, அந்த அசற்றோனுக்குள் அசற்றிலீனைக் கரைத்து வைக்கிறார்கள். பாணி குடித்த பணியாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக, ஒட்டுகிறவனுக்கு இரண்டு சிலிண்டர் வேண்டும். இரண்டிலும் சின்னதா பெரிசா என்று முடிவெடுக்க வேண்டும். "வீட்டில கேட்டுட்டு வாறன்" என்றேன். பொடியன் திரும்பவும் சிரித்தான். அவனுக்கும் கலியாணம் ஆகியிருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் சிலிண்டர் என்ற சொல்லுக்கு ஏற்கனவே நல்ல பெயர் இல்லை. 2021 கடைசியில் நாடெங்கும் குசினிகளில் காஸ் அடுப்புகள் வெடித்த செய்தி வந்துகொண்டிருந்தது. புறொப்பேனும் பியூட்டேனும் கலக்கிற அளவு மாறிவிட்டதா என்று பார்க்கக் குழுவும் போட்டார்கள். பிறகு காஸே இல்லாமல் போனது. 2021 ஒக்டோபருக்கு முன் கொழும்பில் 1,493 ரூபா விற்ற பன்னிரண்டரைக் கிலோச் சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபா. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. வெறும் சிலிண்டர்களைச் சங்கிலி போட்டு ஒன்றோடொன்று கட்டி வரிசையில் விட்டுவிட்டு, சொந்தக்காரர்கள் மரநிழலில் குந்தியிருந்த காலம் அது. அந்த வரிசையில் என் மனுசியும் இருந்தாள். நான் போகவில்லையா என்று கேட்பீர்கள். முதல் நாள் போனேன். தவறான வரிசையில் நின்று மண்ணெண்ணெய்க்குப் பேர் பதிந்துவிட்டு வந்தேன். அடுத்த நாளிலிருந்து அவள் போனாள்.

இப்படிப்பட்டவளிடம் போய், "ரெண்டு சிலிண்டர் எடுக்கப்போறன்" என்றேன்.

"எவ்வளவு பெரிசு?"

கையை என் தலைக்குமேல் தூக்கிக் காட்டினேன். அவள் தன் கையை முழங்காலுக்குச் சற்று மேலே வைத்துக் காட்டினாள். பேச்சுவார்த்தை அவ்வளவுதான். இரண்டும் சின்னது.

சின்னதில் ஒரு சுகமும் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். தூக்கலாம், ஓட்டோவில் கொண்டுவரலாம். அடைக்கிற கூலியைப் பார்த்தால் கன மீற்றர் ஒன்றுக்குச் சின்னதில்தான் காசு கூட. ஆனால் அது பிறகு தெரிகிற செலவு. பிறகு தெரிகிற செலவுகளை நான் ஒருநாளும் செலவாக எண்ணியதில்லை. ஒட்சிசனைக் காலடியில் நிறுத்தி, அசற்றிலீனை மடியில் குழந்தை மாதிரிக் கிடத்தி, வாழைச்சேனை கடந்து வீடு வந்து சேர்ந்தேன். படம் பிடித்து மருமகனுக்கு அனுப்பினேன். உடனே போன் அடித்தது. "மாமா! அசற்றிலீனைப் படுக்க வைக்கப்படாது! அசற்றோன் வாயிக்கு வந்திரும்! நிமித்தி வச்சு நாளைக்குத் தொடுங்க!"

அன்று முழுக்கச் சிலிண்டர் கொட்டிலில் நின்று இளைப்பாறியது. நான் திண்ணையில் இருந்து இளைப்பாறினேன். இளைப்பாறும் வாத்தியாருக்கு வாய் சும்மா இருக்காது அல்லவா, மனுசிக்கு ஒரு கதை சொன்னேன். உண்மைக் கதை. சுவீடனில் குஸ்தாவ் டாலன் என்று ஒரு பொறியியலாளர். கலங்கரை விளக்குகளுக்கு அசற்றிலீன் எரிக்கிற காலம். சிலிண்டருக்குள் அடைக்கிற அந்தத் துளைத்துளைப் பொருளை அசையாமல் உடையாமல் இருக்கும்படி திருத்தினவர் அவர். வெயில் வந்தால் தானே அணைந்து இருட்டினால் தானே எரிகிற விளக்குக்கும் ஒரு வால்வு கண்டுபிடித்தார். 1912-ல் ஒரு பரிசோதனையில் அசற்றிலீன் வெடித்து இரண்டு கண்ணும் போயின. அதே வருடம் பௌதிகத்துக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அண்ணன் தம்பிமாரில் ஒருவர்தான் போய் வாங்கினார். பிறகு கொஞ்சக் காலம் மனிதர் வீட்டோடு இருந்தார். மனைவி நாள் முழுக்க அடுப்போடு படுகிற பாடு அப்போதுதான் அவருக்குப் புலப்பட்டது. 1922-ல் அவளுக்கு நல்ல ஓர் அடுப்புச் செய்தார். ஆகா அடுப்பு என்று அது இன்றைக்கும் விற்கிறது.

மனுசி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னாள்:

"கண் போன புறகுதான் அந்த மனுசனுக்குக் குசினி தெரிஞ்சிருக்கு."

நான் எழுந்துபோய்ச் சிலிண்டரைப் பார்த்தேன்.

மறுநாள் பூட்டுகிற வேலை. ஒட்சிசன் பக்கம் நட்டு ஒழுங்காக ஏறியது. அசற்றிலீன் பக்கம் அரை மணித்தியாலம் இறுக்கியும் இறுகவில்லை. இந்த வீட்டில் எல்லாமே எனக்கு எதிராகத்தான் திரும்பும் என்பதால் சந்தேகமும் வரவில்லை. அது உண்மையிலேயே எதிர்த்திருகாம். எரிகிற காஸுக்கு இடப்பக்கம், ஒட்சிசனுக்கு வலப்பக்கம். மாறிப் பூட்டாமல் இருக்கவே அப்படி. அடையாளத்துக்கு நட்டின் மூலைகளில் வெட்டும் வைத்திருக்கிறார்கள். அந்த வெட்டை நான் பார்த்தேன், கறள் தின்றது என்று நினைத்தேன். ஒட்சிசன் வால்வு கொஞ்சம் முறுக்காக இருந்ததால் தேங்காய் எண்ணெய்ப் போத்தலோடு போனேன். நல்லகாலம், மருமகன் வீடியோவில் இருந்தான். அமுக்கத்தில் வருகிற ஒட்சிசனில் எண்ணெய் பட்டால் தீப்பெட்டி தேவையில்லை, தானே பற்றும். அவன் போட்ட சத்தத்தில் போத்தல் கைதவறிக் கிணற்றுக்கட்டில் உடைந்தது. அந்தத் திங்கள் தேங்காய் எண்ணெய்ச் செலவும் வெல்டிங் கணக்கில் ஏறியது.

முதலில் அசற்றிலீனைத் திறந்து பற்றவைக்க வேண்டும், பிறகுதான் ஒட்சிசனைச் சேர்க்க வேண்டும். நான் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை யோசித்துக்கொண்டு நின்றேன். தனி அசற்றிலீன் எரிகிறதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? மஞ்சளாக, சோம்பலாக எரியும். அதன் நுனியிலிருந்து கறுப்புத் தும்பு தும்பாக, சிலந்தி நூல் மாதிரிக் கரி எழும்பி மெதுவாக மிதந்து போகும். பார்க்க வடிவாக இருக்கும். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அது கச்சான் வீசுகிற காலம். கச்சான் என்றால் எங்களுக்கு இரண்டு: கொறிக்கிறது ஒன்று, அடிக்கிறது ஒன்று. அடிக்கிற கச்சான் அந்தத் தும்புகளைப் பத்திரமாகக் கொண்டுபோய்க் கொடியில் காய்ந்த சேலையில் இறக்கியது. கண்ணகி அம்மன் கோயில் சடங்குக்கு எடுத்த சேலை. தட்டினால் போகும் என்று தட்டினேன். கரியைத் தட்டக்கூடாது என்பது அன்றைக்குக் கற்றது.

ஒட்சிசன் சேர்த்ததும் தீ நீலமாகிச் சீறியது. மூவாயிரத்து நூறு பாகை செல்சியஸ் வரை போகிற சுவாலை. கேற்றடியில் குந்தி, கறுப்புக் கண்ணாடி போட்டு, பிணைச்சலில் பிடித்தேன். இரும்பு சிவந்து, மஞ்சளாகி, மெல்ல வியர்ப்பதுபோல் மினுங்கியது. அந்த ஒரு நிமிடம் எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. பிறகு 'டப்' என்று டோர்ச் வெடித்து அணைந்தது. எங்கள் பக்கத்தில் அப்படிச் சத்தம் கேட்டால் சனம் எட்டிப் பார்க்காது, படுத்துவிடும். எதிர்வீட்டு அண்ணன் படுத்த இடத்திலிருந்தே, "சேர், நீங்களா?" என்று கேட்டார். "நான்தான்" என்றேன். எழும்பினார்.

பற்றவைப்பதும் 'டப்' என்பதுமாகப் பத்துத் தடவை நடந்தது. காரணத்தை இரவு கொப்பியில் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தேன். வாங்குமுன் போடவேண்டிய கணக்கு. அசற்றிலீன் பணியாரத்திலிருந்து பாணி மெதுவாகத்தான் வரும். சிலிண்டரில் இருப்பதில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் ஒரு மணித்தியாலத்தில் இழுக்கக்கூடாது, இப்போது பத்தில் ஒன்று என்றும் சொல்கிறார்கள். இழுத்தால் அசற்றோனும் சேர்ந்து வரும், தீ ஊதா நிறம் காட்டும். இரும்பின் தடிப்பு மில்லிமீற்றர் ஒன்றுக்கு மணிக்குச் சுமார் நூறு லீற்றர் அசற்றிலீன் வேண்டும். அப்பாவின் பிணைச்சல் ஐந்து மில்லிமீற்றர், ஆகவே ஐந்நூறு லீற்றர். என்னுடைய சிலிண்டரில் இருந்ததோ ஒரு கன மீற்றர், ஏழில் ஒன்று நூற்று நாற்பத்துச் சொச்சம். மூன்றரைக் கன மீற்றராவது இருக்கிற சிலிண்டர்தான் அந்த வேலைக்குக் காணும். நீங்கள் எடுப்பதாக இருந்தால் தயவுசெய்து கேளுங்கள்: ஒட்சிசன் சின்னதாக இருந்தால் கடைக்குப் போகிற நடைதான் கூடும், அசற்றிலீன் சின்னதாக இருந்தால் வேலையே நடக்காது. நான் நடையைப் பற்றி மட்டும் யோசித்திருந்தேன்.

கணக்குப் போட்ட சந்தோசத்தில் ஒட்சிசன் வால்வைப் பூட்ட மறந்து படுத்துவிட்டேன். விடியப் பார்த்தால் றெகுலேட்டர் முள் பூச்சியத்தில். குழாய்ப் பொருத்தில் எங்கேயோ கசிவு. பாத்திரம் கழுவுகிற சோப்பை நுரைத்துப் பூசியதும் ஓர் இடத்தில் குமிழ் விட்டது, அதுவும் கடைசி மூச்சு மாதிரி ஒன்றிரண்டுதான். சோப்புப் போத்தலைத் திருப்பிக் கேட்க வந்த மனுசி நின்று பார்த்தாள்.

"கடக்கரையில காத்துச் சும்மா அடிக்குது. நீங்க காசுக்குக் காத்து வாங்கி அதுக்குள்ளயே விட்டிருக்கீங்க."

இதற்கு விஞ்ஞானத்தில் பதில் இல்லை. அதனால் ஒட்சிசனைப் பெரிதாக எடுப்பதென்று முடிவு செய்தேன். தோற்றவன் எப்போதும் பெரிதாகத்தான் எடுப்பான். வெட்டு வேலைக்குப் பலர் அசற்றிலீனுக்குப் பதில் குசினிக் காஸைத்தான் ஒட்சிசனோடு பாவிக்கிறார்கள் என்று நானா சொல்லியிருந்தார். உருக்கை ஒட்டுவதற்கு அது சரிவராது, வெட்டலாம். அதை வீட்டில் சும்மா ஒரு தகவலாகத்தான் சொன்னேன். அன்று பின்னேரத்திலிருந்து மனுசியின் கதிரை குசினி வாசலுக்கு இடம் மாறிவிட்டது.

ஏழு கன மீற்றர் பட்டா லொறியில் வந்தது. வந்தபோதுதான் தெரிந்தது, கேற் திறக்கவில்லை. நான் உருக்கிய உருக்கில் பிணைச்சலின் ஆணும் பெண்ணும் ஒன்றாகிவிட்டன. எங்கள் குடும்பத்தில் இவ்வளவு இறுக்கமான தாம்பத்தியம் வேறு இல்லை. நாங்கள் இரண்டு நாளாக வேலிப் பொட்டுக்குள்ளால் போய்வந்ததால் கவனிக்கவில்லை. கேற் பிழைத்ததால் வாங்கிய சிலிண்டர், கேற் பிழைத்ததால் உள்ளே வரவில்லை. எதிர்வீட்டு அண்ணன், லொறிக்காரர், மச்சான், என் பழைய மாணவன், நான் என்று ஐந்துபேர் அதை வேலிக்கு மேலால் இறக்கினோம். வேலியில் அந்த இடம் இப்போதும் பள்ளமாக இருக்கிறது. பொடியன் அதைச் சரித்து, அடி விளிம்பில் பம்பரம் மாதிரி உருட்டி, ஒற்றைக் கையால் கொட்டில்வரை கொண்டுபோனான். பார்க்க இலேசாக இருந்தது. அவன் போனபின் நானும் ஒருதரம் உருட்டிப் பார்த்தேன். வலக்கால் பெருவிரல் நகம் இனித்தான் முளைக்க வேண்டும்.

நிற்கிற சிலிண்டரைச் சங்கிலியால் கட்டவேண்டும், விழுந்து வால்வு உடைந்தால் றொக்கட் மாதிரிப் போகும் என்று அவன் சொல்லிவிட்டுப் போயிருந்தான். கட்டினேன். அன்று இரவு காற்றுக்குப் படார் என்று ஒரு சத்தம். முழுத் தெருவும் படுத்தது. சிலிண்டருக்கு ஒன்றுமில்லை, அப்படியே நின்றது. நான் கட்டியிருந்தது முருங்கை மரத்தில். அந்த மரம்தான் விழுந்திருந்தது.

வெல்டிங்காரத் தம்பி நாற்பத்தோராம் நாள் வந்தான். தோளில் அரிசிப்பை அளவு ஒரு இன்வேட்டர் மெஷின், கையில் ஒரு கட்டு ஒட்டுக்குச்சி. கேற்றைப் பார்த்தான், என் விரலைப் பார்த்தான், கொட்டிலைப் பார்த்தான். "சேர், இதுக்குக் காஸே தேவையில்லையே" என்றான். கிறைண்டரால் பிணைச்சலை வெட்டி எறிந்து, புதிது வைத்து, கறண்டில் நாலு இடம் 'சர் சர்' என்று பிடித்தான். தேத்தண்ணி ஆறுமுன் கேற் ஆடியது. காசு கொடுத்தபோது மனுசி அவனுக்கு ஒரு வாழைக்குலையும் கொடுத்தாள். எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்தால் முற்பணம் கிடைக்கும். பற்றுச்சீட்டைக் கொண்டுபோக வேண்டும். அது சட்டைப்பையில் இருந்தது. சட்டை, கரி பிடித்த சேலையோடு சேர்த்து ஊறவைத்துக் கழுவப்பட்டுவிட்டது.

ஆகவே பாசிக்குடாப் பக்கம் யாருக்காவது ஏழு கன மீற்றர் ஒட்சிசன் தேவைப்பட்டால் வாருங்கள். முள் இன்னும் 150-ல் நிற்கிறது. ஐந்துபேராக வாருங்கள். கேற் இப்போது திறக்கும்.